நிலத்துக்கு மேலே ஒரு கிணறு

ஷிப்ற் முடிந்த பிறகு – பத்தி

சென்ற இதழில் பனிச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு அக்கா கோயிலில் என்னை மறித்து, "தம்பி, சப்பாத்து, ஹீற்றர், பஸ் ரிக்கற் எண்டு எல்லாம் எழுதுறீர். மனசுக்கு ஒண்டும் எழுதமாட்டீரோ?" என்று கேட்டார். அவர் வந்து ஏழு மாதம். ஊர்ப் பாட்டுப் போட்டால் அழுகை வருகிறதாம். போடாவிட்டால் வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கிறதாம். இரண்டுக்கும் நடுவிலே கேட்கக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ராகம், தாளம் என்று யாராவது கதைத்தால் மெதுவாக எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். ஆனால் காதுக்கு அடைப்பான் செருகிக்கொண்டு எட்டு மணித்தியாலம் இரும்பு வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். வெளியே வந்தவுடன் சின்னச் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கும். பனியில் சப்பாத்து நெரிபடுவது, மின்கம்பியில் காற்று உரசுவது, எல்லாம். அந்த நேரத்தில் சினிமாப் பாட்டு எனக்கு ஒத்து வராது. மெதுவான பாட்டுத் தேடித்தான் இந்த வெள்ளைக்காரப் பாட்டுகளுக்குள் வந்து விழுந்தேன்.

இங்கே 'இன்டி போக்' என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. போக் என்றால் நாட்டார் பாடல். இன்டி என்றால், பெரிய கொம்பனிகளின் தயவில்லாமல் சின்ன வெளியீட்டாளரோடு அல்லது தன் கைக்காசில் இசைத்தட்டுப் போடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிற்றார், சில வேளை ஒரு பாஞ்சோ, ஒரு வயலின், ஒரு குரல். ஆட முடியாது. கல்யாண வீட்டில் போட்டால் சனம் எழும்பிப் போய்விடும்.

நான் சொல்ல வருவது 'கிரேட் லேக் ஸ்விம்மர்ஸ்' என்ற குழுவைப் பற்றி. பேரேரியில் நீந்துகிறவர்கள் என்று பொருள். ஒன்ராறியோ மாகாணத்துக் குழுதான். பாட்டு எழுதிப் பாடுகிறவர் ரோனி டெக்கர். இவர் ஈரி ஏரியின் வடகரையில் இருக்கும் வெயின்ஃபிளீற் என்ற கமக்காரப் பகுதியைச் சேர்ந்தவர். பிறகு ரொறன்ரோவுக்கு வந்து பாடியவர். இவர்களுடைய முதல் இசைத்தட்டு 2003இல் வந்தது. அதற்குக் குழுவின் பெயரேதான் பெயர். அதைப் பதிந்த இடம்தான் விசேஷம். தெற்கு ஒன்ராறியோவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு தானிய சைலோவுக்குள் போய்ப் பதிந்திருக்கிறார்கள்.

சைலோ என்றால் புதிதாக வந்தவர்களுக்கு விளங்காது. நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கப் போகும்போது பெருந்தெருவுக்குத் தள்ளி, வயல்களுக்கு நடுவில் உருளையாக, உயரமாக, தொப்பி போட்டதுபோல ஒன்று நிற்கும். பார்த்திருப்பீர்கள். தானியத்தையோ மாட்டுத் தீனியையோ நிரப்பி வைக்கும் கட்டடம். எங்கள் குதிருக்குப் பெரிய அண்ணன். கமம் விட்டுப்போன இடங்களில் உள்ளே ஒன்றுமில்லாமல் வெறுமையாக நிற்கும். அதற்குள் நின்று பாடினால் வட்டச் சுவர் குரலை வாங்கி, சுற்றிச் சுற்றித் திருப்பித் தரும். ஒரு சொல் அடங்க முந்தி அடுத்த சொல்லைப் போட்டால் இரண்டும் கலந்து குழம்பாகிவிடும். பொறுத்துத்தான் பாட வேண்டும். அந்தப் பாட்டுகள் அவ்வளவு நிதானமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதல்முறை கேட்டபோது எனக்கு இந்த விபரம் ஒன்றும் தெரியாது. இரவு ஷிப்ற் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இங்கிலீசுச் சொற்களும் அரைவாசி பிடிபடவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து திரும்பப் போட்டேன். மூன்றாம் தரம்தான் பிடிபட்டது. அது கிணற்றுக்குள் கூப்பிடும் குரல்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றுக் கட்டில் நெஞ்சை வைத்து எட்டிப் பார்த்து, "ஓய்" என்று கத்துவோம். "ஓய்" என்று அது திருப்பிக் கத்தும். பெயரைச் சொன்னால் பெயரைச் சொல்லும். பின்னால் அம்மா பூவரசம் தடியோடு வரும் வரைக்கும் அதுதான் விளையாட்டு. கீழே வட்டமான தண்ணீர், அதற்குள் வட்டமான வானம், நடுவில் எங்கள் தலை. சைலோ என்பது நிலத்துக்கு மேலே எழும்பி நிற்கிற கிணறு. கல்லும் வட்டமும் வெறுமையும் இருந்தால் குரல் எங்கேயும் ஒரே மாதிரித்தான் திரும்பி வரும்போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த இசைத்தட்டில் குரலுக்குப் பின்னால் சில்வண்டுச் சத்தம் கேட்கும். வழக்கமான ஒலிப்பதிவுக் கூடத்தில் சுவருக்கு மெத்தை போர்த்தி, வெளிச் சத்தம் ஒரு துளியும் உள்ளே வராமல் அடைத்துவிடுவார்கள். இங்கே வயலில் கத்துகிற பூச்சியும் பாட்டுக்குள் வந்துவிட்டது, அவர்களும் அதைத் துடைத்து எறியவில்லை. எங்கள் ஏழு வயது மகள் கேட்டுவிட்டு, "அப்பா, இந்த அங்கிள் பாத்ரூமுக்குள்ள நிண்டா பாடுறார்? ஜன்னல் திறந்து கிடக்குது போல" என்றாள். இந்த இசைத்தட்டைப் பற்றி அதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இதே குழு இரண்டாவது இசைத்தட்டை, 2005இல் வந்ததை, ஏரிக்கரைத் தேவாலயம் ஒன்றில் பதிந்தது. 2009இல் வந்ததைச் சென் லோறன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுப் பக்கம் போய்ப் பதிந்தது. இடையில் 2007இல் வந்ததன் பெயர் 'ஒங்கியாரா'. ரொறன்ரோத் தீவுக்கு வாகனம் ஏற்றிப் போவதற்காக 1963இல் கட்டிய படகின் பெயர் அது. கோடையில் தீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன சிலர் அந்தப் பெயரைப் படகின் பக்கத்தில் வாசித்திருக்கக்கூடும். பாட்டைச் செய்ய இவர்கள் இடம் தேடிப் போகிறார்கள். அந்த இடம் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே பாட்டையும் விட்டுவிடுகிறார்கள்.

போன கோடையில் உறவினர் ஒருவரை நயாகராவுக்குக் கூட்டிப்போனபோது, திரும்புகிற வழியில் தெற்கே இறங்கி ஈரி ஏரிக்கரைக்குப் போனோம். அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓட்டம். நயாகராவில் கொட்டுகிற தண்ணீர் இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது, ஆனால் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் கொட்டுகிற இடத்தில் படம் எடுத்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஏரி என்றால் எங்கள் ஊர்க் குளத்தை நினைக்கக்கூடாது. ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் இருபத்தைந்து மடங்கு. மறுகரை தெரியாது. அலை அடிக்கும், உப்பு மட்டும் இல்லை. ஐந்து பேரேரிகளுக்குள்ளும் ஆழம் குறைந்தது இதுதான், சராசரி 19 மீற்றர். அதனால் காற்று எழும்பினால் சட்டென்று கொந்தளிக்கும். கரைக்குப் பின்னால் மேடு பள்ளமில்லாத தட்டை நிலம். காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். இங்குமா சுண்ணாம்புக்கல் என்று நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கூட வந்தவர் திறப்பு விழுந்துவிட்டதோ என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்திருப்பீர்கள். நெய்தலுக்கு இரங்கல். கடற்கரையில் நின்று வராதவனை நினைத்துக் கலங்குவது. பரீட்சைக்குப் பாடமாக்கியபோது, நிலத்துக்கும் மனதுக்கும் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உப்பில்லாத அந்தக் கரையில் நின்றபோது கொஞ்சம் விளங்கியது.

இனி எங்கள் பாட்டுகளுக்கு வருகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் ஊரை நினைத்து எத்தனையோ இறுவட்டுகள் வெளியாகிவிட்டன. ஒவ்வொரு மண்டப விழாவிலும் ஒன்று வெளியிடுகிறார்கள். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் பனை வரும், வேலி வரும், கோயில் மணி வரும், அம்மா வருவா, கடல் வரும். கடைச் சாமான் பட்டியல்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த ஊர்ப் பனை, எந்த ஒழுங்கை என்று கேட்டால் பதிலிராது. பின்னால் கீபோட் அலறும், ஒரு காகம்கூடக் கத்தாது. கேட்கிறவர் அழுவார், உண்மைதான். அது பாட்டினால் வந்த அழுகை அல்ல, ஏற்கனவே கண்ணில் நின்ற தண்ணீர். 'பனை' என்ற சொல்லைத் தாளில் எழுதிக் காட்டினாலும் அது விழும்.

எங்களிடம் நல்ல உதாரணம் இல்லை என்றும் சொல்லமுடியாது. 1960களின் பிற்பகுதியில் தமிழ்ப் பொப் பாட வந்தவர் நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டையும் அறியாதவர் எங்களில் குறைவு. அதிலே ஊரைப் புகழவே இல்லை. மாமி இருக்கிறா, மாமியின் மகள் இருக்கிறாள், கள்ளுக்கடை இருக்கிறது, பகிடி இருக்கிறது. ஊர் தானாகவே வந்து நிற்கிறது.

ஈரி ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் இதையே ஒருவர் செய்திருக்கிறார். சுஃப்யான் ஸ்டீவன்ஸ், 1975இல் டெற்றோயிற்றில் பிறந்தவர். அவரும் அதே 2003இல் தன் மாநிலத்தைப் பற்றி ஒரு முழு இசைத்தட்டுப் போட்டார். முதற்பாட்டு பிளின்ற் நகரத்தைப் பற்றியது, வேலையிழந்தவர்களுக்கும் கூலி குறைந்தவர்களுக்கும் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். கார் செய்த ஊர் அது. 1960இல் ஏறத்தாழ 197,000 பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 81,252. தொழிற்சாலை போனது, சனமும் போனது. அந்த ஊரை வைத்துத்தான் இசைத்தட்டைத் தொடங்குகிறார். எங்கள் ஊர்ப் பாட்டுகளில் இதுவரை ஒருவருக்கும் வேலை போனதில்லை.

வெள்ளைக்காரருக்கு ஊர் என்று ஒன்று இல்லை, வீட்டை விற்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பக்கத்து மெசினில் நிற்கிறவர் நியூபவுண்லாந்துக்காரர், அறுபதை நெருங்குகிறார். பரம்பரையாக மீன்பிடி. 1992 யூலை 2ஆம் திகதி கனடா அரசாங்கம் வடபகுதிக் கொட் மீன் பிடிப்பதைத் தடை செய்தது. கடலில் மீன் அழிந்துபோயிருந்தது. அந்த மாகாணத்தில் மாத்திரம் ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. அதில் அவரும் ஒருவர். வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்ராறியோவுக்கு வந்தவர். 2024இல் தடையை எடுத்தபோது செய்தியைத் தொலைபேசியில் எனக்குக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. அதற்கும் முந்தி, 1954 முதல் 1975 வரை, அரசாங்கத் திட்டத்தின்படி அங்கே ஏறத்தாழ 300 கரையோர ஊர்களை விட்டுச் சனம் இடம்பெயர்ந்திருக்கிறது. சிலர் மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டு வள்ளத்தால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவு நிலையைக் கழற்றி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிய சனத்தை நானும் கண்டவன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் எனக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார். 'சனீஸ் டிரீம்', நியூபவுண்லாந்துப் பாடகர் றொன் ஹைன்ஸ் 1976இல் எழுதியது. ஹைன்ஸ் 2015இல் காலமாகிவிட்டார். கடற்கரைக் கமத்தில் தாயும் மகனும். தகப்பன் கடலோடி, திரும்பவில்லை. மகனுக்கு வெளியே போக ஆசை, தாய் போகாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை. அயர்லாந்தில் பாடிப் பாடி அங்குள்ள பலர் அதைத் தங்கள் ஊர்ப் பாட்டு என்றே நம்புகிறார்களாம். முடிந்ததும் அவர் கேட்டார், 1986இல் எங்கள் கரைக்கு வந்த உங்கள் ஆட்களைத் தெரியுமா என்று. அந்த ஆண்டு ஓகஸ்ற் 11ஆம் திகதி, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை நியூபவுண்லாந்து மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். நான் பிறக்க முந்தைய சம்பவம், ஆனால் இங்கே எல்லோரும் சொல்லக் கேட்ட கதை. தெரியும் என்றேன். அந்த நாள் தன் தகப்பன் வானொலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார் என்றார். பிறகு மணி அடித்துவிட்டது.

வீட்டில் சைலோப் பாட்டு அடிக்கடி ஓடியதால் மகளுக்குக் கிணறு என்றால் என்ன என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. படம் கீறிக் காட்டினேன். "அதுக்குள்ள ஆர் இருந்து திருப்பிக் கத்துறது?" என்றாள். படத்துக்கு அந்தச் சத்தம் வராது. ஒருநாள் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்ததும் அம்மாவுக்கு எடுத்தேன். கோடைக் கணக்கில் ஊரில் பின்னேரம் நாலரை.

"அம்மா, போனைக் கொண்டு கிணத்தடிக்குப் போங்கோ."

"ஏன் மோனை? தண்ணி எல்லாம் இப்ப மோட்டர்தானே. கிணத்துக்கு வலை போட்டு மூடிக் கிடக்கு."

"ஒருக்கா வலையைத் தூக்கி வாளியை விடச் சொல்லுங்கோ."

பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து வலையை விலக்கினான். பழைய கயிறு உக்கிப் போனதாம், மாடு கட்டுகிற கயிறு ஒன்றை முடிச்சுப் போட்டார்கள். கப்பி இருபது வருடக் கோபத்தோடு கிறீச்சிட்டது. வாளி தண்ணீரில் மோதிய சத்தம், பிறகு நிரம்புகிற சத்தம், பிறகு மேலே வரும்போது சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழுகிற சத்தம். பின்னால் செண்பகம் ஒன்று குரல் கொடுத்தது. "இனி என்ன செய்ய?" என்று அம்மா கேட்டா. உள்ளுக்குக் குனிந்து ஏதாவது கூப்பிடுங்கோ என்றேன். "விசரே உனக்கு, அயலட்டை என்ன நினைக்கும்" என்றா. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. கிணறும் கூப்பிட்டது.

நாற்பத்தேழு செக்கன் பதிவு. மகள் அதை ஒரு பின்னேரத்தில் பதினைந்து தரம் போட்டாள். அப்பம்மாவும் கிணறும் ஒரே குரலில் கதைக்கிறார்கள் என்றாள். அடுத்த கேள்வி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று. எனக்குத் தெரியவில்லை, திரும்ப எடுத்துக் கேட்க வேண்டி வந்தது.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. குழாய்த் தண்ணீர் வந்தால் கிணற்றை மூடிவிடுவோம் என்று ஊரில் கதை நடக்கிறது. பிள்ளைகள் விழுந்துவிடும் என்ற பயம், அதுவும் ஞாயம்தான். ஆகவே புதிதாக வந்த குடும்பங்களிடம் நான் கேட்பது இது: ஊரில் இன்னும் ஆள் இருந்தால், நலம் விசாரித்த பிறகு போனை ஒரு நிமிடம் வெளியே வைக்கச் சொல்லுங்கள். மீன்காரனின் சயிக்கிள் கோன், கோயில் மணி, திருக்கைக் கொழும்புப் பலகையில் வெட்டுகிற சத்தம், மழைக்குத் தகரம், எது கிடைத்தாலும் சரி. யாரும் பாடத் தேவையில்லை. பதிவை ஒரு தொலைபேசியில் மாத்திரம் வைத்திருக்காதீர்கள். திருட்டுப் போகும், தண்ணீரில் விழும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திகதியையும் ஊர்ப் பெயரையும் எழுதி வையுங்கள்.

இசைத்தட்டுகளைப் பற்றி: கிரேட் லேக் ஸ்விம்மர்ஸின் முதல் இசைத்தட்டையே முதலில் கேளுங்கள், பகலில் வேண்டாம், பிள்ளைகள் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து. சொல் விளங்காவிட்டால் பரவாயில்லை. கையில் காசு நெருக்கமென்றால் பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கத்துவம் இலவசம், வதிவிட அத்தாட்சி கொண்டுபோக வேண்டும். ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் காற்றுச் சட்டை எடுத்துப் போகவும், கோடையிலும் பின்னேரம் குளிரும்.

அடுத்த இதழில் வருமான வரிப் பத்திரம் நிரப்புவது பற்றி எழுதுவதாக ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.